மொட்டைக்காணிக்குக் கிடை போட்ட கண்டக்டர்

சவரிராயனுக்குக் காப்பி கொடுத்தால் முதலில் டம்ளரைப் பார்ப்பார், அப்புறம் கொடுத்தவரைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் குடிப்பார். அதில் யாரும் எதையும் கலக்கவில்லை என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் பார்ப்பார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஆயுசில் பாதியைப் பஸ்ஸின் பின்படியில் நின்றே கழித்த மனிதர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் கண்டக்டர் வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி.

டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க அவருக்கு முகம்கூடத் தேவையில்லை, பிடரி போதும். எடுத்தவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பொட்டல்காட்டை, அங்கே ஏதோ மாமியார் வீடு இருக்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டே வருவான். ஒருமுறை பங்குச் சாமியாரே ஏறினார். "எடுத்துட்டேம்பா" என்றார். "காட்டுங்க சாமி" என்றார் சவரிராயன். சாமியார் அங்கியின் பைகளையெல்லாம் துழாவி டிக்கெட்டை எடுத்துக் காட்டுகிற வரைக்கும் கண்டக்டர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க விசுவாசத்தைப் பற்றியே இருந்தது. யாரை மனசில் வைத்துக்கொண்டு இவர் பேசுகிறார் என்ற சந்தேகத்தோடு சவரிராயன் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். பிரம்மதேசம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர். பஸ் நிறைய ஆட்களைச் சந்தேகப்பட்டுப் பழகிய மனசுக்கு வீட்டில் மனைவி அமல்ராணி ஒருத்திதான் மிச்சம். பால்காரன் ஏன் இன்று சிரித்தான், பக்கத்து வீட்டுக்காரி ஏன் இன்று சிரிக்கவில்லை என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்த அமல்ராணி, "போய் நெலத்தப் பாருங்க. அது ஒண்ணுதான் உங்களத் திருப்பிக் கேள்வி கேக்காது" என்று வெளியே அனுப்பினார்.

நிலம் இரண்டு துண்டு. கிணற்றோடு சேர்ந்த மேட்டு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவார்கள். இன்னொன்று, ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலங்கலுக்குக் கீழே இருந்தது. மழைக்காலம் முழுக்க அடியில் தண்ணீர் கசியும், மேலே வெறும் சவுட்டு மண். சவரிராயனின் அப்பா கேப்பை போட்டுப் பார்த்தார், வரகு போட்டுப் பார்த்தார், விதைத்ததுகூடத் திரும்பவில்லை. கடைசியில் மொட்டைக்காணி என்று பேர் வைத்துக் கைகழுவிவிட்டார். ஆடு மாடுகள் ஏரிக்குப் போக அதுவே வழியானது.

ஆனால் சவரிராயனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மொட்டைக்காணிதான். அக்கம்பக்கத்து ஊர்களில் அளவுக் கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். ரோட்டுக்கு என்றார்கள், ரயிலுக்கு என்றார்கள், கம்பெனிக்கு என்றார்கள். "தரிசாக் கெடக்கறதத்தான் மொதல்ல அள்ளுவாங்க" என்று டீக்கடையில் எவனோ சொன்னது காதில் ஏறிக்கொண்டது. சம்பாதிக்காத பிள்ளை என்பதற்காக யாராவது பிள்ளையைத் தத்துக் கொடுப்பார்களா? அது அவர் அப்பாவின் நிலம். அதை யாருக்கும் விடுவதாக இல்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் காலை, மொட்டைக்காணியில் ஒரு பெண் மண்டியிட்டு, முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கையில் பூதக்கண்ணாடி. சவரிராயன் பனைமரத்துக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை. மண்ணைப் பரிசோதிக்கிறாள், இது சர்வேதான் என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினார்.

"யாரும்மா அது? எவன் நெலத்துல இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

அவள் பதறி எழுந்தாள். முப்பது வயசிருக்கும். "மன்னிச்சிக்கங்க ஐயா. யாரும் கண்ணுல படல, கேக்காம எறங்கிட்டேன். எம் பேரு கலைப்பிரியா. திண்டிவனத்துல காலேஜ்ல பாட்டனி எடுக்கறேன். எங்க ஊரு வல்லம் பக்கம்தான்."

"காலேஜுன்னா கார்டு இருக்குமே?"

கொடுத்தாள். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கீழே இருந்த தேதியைப் பார்த்தார். "இது போன வருசத்தோட முடிஞ்சிப்போச்சே."

"புதுசு இன்னும் குடுக்கலைங்க."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்வாங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். காலாவதியான பாஸோடு பிடிபட்டவளிடம் அதற்குமேல் என்ன பேச்சு! ஆனால் அவள் போகவில்லை. கீழே காட்டி, "ஒரே ஒருவாட்டி குனிஞ்சி பாருங்க ஐயா" என்றாள்.

குனிந்து பார்த்தார். தரையோடு தரையாக, சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னச் சின்னதாகச் செடிகள், வெற்றிலைச் சாறு துப்பினாற்போலச் சிவப்பு. சின்ன வயசிலிருந்து மிதித்துக்கொண்டு நடந்ததுதான். இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி. வெயில் சுள்ளென்று அடித்தும் அந்தத் துளி காயவில்லை. ஓர் இலையில் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது.

"அழுகண்ணிங்க. இந்த மண்ணுல சத்தே கெடையாது. அதனால இலையில பசைய வச்சிக்கினு பூச்சியப் புடிச்சித் துன்னுது. மேகாலயா மலையில குடுவைச் செடின்னு ஒண்ணு இருக்குது. இலை நுனியில மூடி போட்ட ஜாடி மாதிரி தொங்கும், உள்ள விழுந்த பூச்சி வெளிய வராது. இது அதுக்குப் பங்காளி முறை."

"மலையில இருக்கற பங்காளிக்கு எங்க ஊருல இன்னா வேலை?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "இந்தச் சுத்துப்பட்டுல நெறைய ஏரிக்கு ஓரமா இருந்துதுங்க. ஒரு எடத்துல மனை போட்டுட்டாங்க, இன்னொரு எடத்துல மண்ணு எடுத்துட்டாங்க. நான் தேடின வரைக்கும் இப்ப உங்க நெலம்தான் மிச்சம்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணுமே பண்ண வேணாங்க. ஏர் ஓட்டாதீங்க, எரு போடாதீங்க. ஆடு மாடு நடந்து போனா போவட்டும், புல்லு ஏறாது. இப்பிடியே வுட்டா போதும்."

அவள் ஸ்கூட்டியில் ஏறிப் போன பிறகும் சவரிராயன் அங்கேயே நின்றார். விவசாயியைப் பார்த்து அதைப் போடு, இதைப் போடு என்று சொல்ல ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். எதுவுமே செய்யாதே என்று சொல்ல ஒருத்தரும் வந்ததில்லை. நிலத்தை அப்படியே தரிசாகப் போடு என்றால் அது யாருக்கு ஆதாயம்? தரிசு என்று எழுதி எடுத்துக்கொள்கிறவனுக்குத்தானே? வீட்டுக்குப் போய் அமல்ராணியிடம் சொன்னார்.

"உங்கள நாளைக்குக் கல்லறையில வச்சாலும் பக்கத்துக் குழிக்காரன் மேல சந்தேகப்படுவீங்க" என்றார் அமல்ராணி.

ஆனாலும் ஒன்று நடந்தது. பூச்சி தின்கிறது என்று அவள் சொன்னது உண்மையா புளுகா என்று சோதிக்க மறுநாளே போனார். ஓர் எறும்பைப் பிடித்து இலைமேல் விட்டார். எறும்பு ஓட நினைத்தது, முடியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சுற்றியிருந்த மயிரெல்லாம் அதன்மேல் கவிந்திருந்தது. பெண் சொன்னதில் அது ஒன்றாவது நிஜம். அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பி குடித்ததும் மொட்டைக்காணிக்குப் போய்க் குந்திக்கொள்வார். இனிப்பாக எதையோ காட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஏறினவனை இறங்க விடாத அந்தச் செடியை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. உலகத்தில் நம்மைப் போல இன்னொரு ஜீவன் இருக்கிறது என்கிற சந்தோஷம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பிடித்துப்போன பிறகு சந்தேகம் குறைய வேண்டும் அல்லவா? சவரிராயனுக்குக் கூடியது. முன்பு நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று மட்டும் பயந்தார். இப்போது செடியையும் எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்தார். அழுகண்ணியை வைத்து ரசவாதம் செய்கிறார்கள், செம்பைத் தங்கமாக்குகிறார்கள், மூலிகைக்காரன் கொள்ளை விலை கொடுப்பான் என்று டீக்கடையில் இன்னொருவன் கிளப்பிவிட்டிருந்தான்.

தை பிறந்து கொஞ்ச நாளில் கலைப்பிரியா மறுபடி வந்தாள். செடிகள் பூத்து ஓய்ந்து, காம்பில் விதை முற்றியிருந்தது. புறப்படும்போது சவரிராயன் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"பையத் தெறங்க மேடம்."

"எதுக்குங்க?"

"தெறங்க, சொல்றேன்."

பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதற்குள் தூசி மாதிரி விதை. அவள் முகம் சிவந்துவிட்டது. "உங்களக் கேட்டுட்டுத்தான் எடுத்துக்கினு போவணும்னு இருந்தேன் ஐயா. காலேஜுல தட்டுல போட்டு வளத்து வச்சிக்கினா, நாளைக்கு இங்க எதுனா ஆச்சின்னாகூட..."

"இங்க இன்னா ஆவும்? இங்க நான் இருக்கறேன். கீழ கொட்டுங்க."

கொட்டினாள். காற்றில் பாதி போயிற்று, பாதி அதே மண்ணில் விழுந்தது. காலியான காகிதத்தை வாங்கி உதறிப் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியை எடுக்கும்போது, "வெயில் ஏறினா எல்லாம் காஞ்சிடும். பயப்படாதீங்க, அடுத்த மழைக்கு விதையில இருந்து வந்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி மாசியில் காய ஆரம்பித்தது. சிவப்பு கருத்தது, துளிகள் வற்றின. காய்ந்துவிடும் என்று அவள் முன்கூட்டியே சொன்னதுதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது. களவாண்டவன்தானே காரணத்தை முன்னாலேயே சொல்லி வைப்பான்? விதையை வாங்கிக் கொட்டின ஆத்திரத்தில் எதையாவது தெளித்துவிட்டுப் போனாளோ? பனைமரத்தடியில் உட்கார்ந்து சில நாள் காவல் காத்தார். யாரும் வரவில்லை. செடிகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

எவரையும் பிடிக்க முடியாத கண்டக்டர் கடைசியில் வேறொரு முடிவுக்கு வந்தார். செடி பசியில் சாகிறது. கொசுவையும் எறும்பையும் தின்று எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? எரு போடாதே என்று அவள் ஏன் சொன்னாள்? செடி செத்தால் நிலம் சும்மா கிடக்கும், சும்மா கிடந்தால் கல் நடுவார்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அவரே பிசைந்து அவரே ஒட்டியது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு நிலத்துக்குச் செய்கிற பெரிய மரியாதை கிடை போடுவது. அறுப்பு முடிந்த கோடையில் ஆட்டு மந்தையை நிலத்தில் மடக்கிப் படல் கட்டிவிட்டால், ராத்திரி முழுக்க ஆடுகள் போடுகிற புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த போகத்துக்கு வேறு எரு வேண்டாம். மந்தைக்காரர் சீனுவாசனைத் தேடிப் போனார் சவரிராயன்.

"மொட்டைக்காணிக்கா கிடை?" சீனுவாசனுக்குச் சிரிப்பு வந்தது. "மல்லாட்டைக் கொல்லைக்குப் போடுங்க கண்டக்டரே, வெளையும். அந்தச் சவுட்டுல இன்னா வெளையப் போவுது?"

"உனக்கு எதுக்குய்யா அது? ஆட்டக் கொணாந்து மடக்கு."

வீட்டில் அமல்ராணி கேட்டார். "அந்தப் பொண்ணு எரு போடாதீங்கன்னு சொல்லுச்சின்னீங்களே?"

"அதான் எனக்குச் சந்தேகமே. எரு போடாதன்னு சொன்னவ எவளாவது நமக்கு நல்லது நெனச்சிருப்பாளா?"

கிடை போட்டார்கள். மூன்று ராத்திரிக்கு என்று பேசி, இவர் கெஞ்சி ஒரு வாரம் ஆக்கினார். காலையில் போய்க் கருத்து நனைந்து கிடந்த மண்ணைப் பார்த்தபோது சவரிராயனுக்குக் கண் நிறைந்தது. பெற்ற பிள்ளைக்கு வயிறாரச் சோறு போட்ட நிறைவு. கோடை மழை ஒன்று பெய்ததும் பச்சை கிளம்பியது. ஐப்பசி மழையில் அது எழும்பியது. அப்பா காலத்திலிருந்து மொட்டையாகக் கிடந்த நிலம் முழங்கால் உயரத்துக்குக் கோரையும் புல்லுமாக நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

மார்கழி வந்தது. செடி வரவில்லை.

சவரிராயன் தினமும் புல்லை விலக்கி விலக்கித் தேடினார். ஒன்றுகூட இல்லை. கலைப்பிரியா வந்து நின்றபோது என்ன சொல்வது என்று தயாராகவே இருந்தார். குற்றம் அவளுடையது. அதில் அவருக்கு அந்த நிமிஷம்வரை சந்தேகம் இல்லை, சந்தேகமில்லாமல் அவர் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

"நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம்தான் இப்பிடி ஆச்சி. இன்னா பண்ணீங்க?"

அவள் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். ஓரிடத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறி, காய்ந்த ஆட்டுப் புழுக்கை ஒன்றை விரலில் எடுத்தாள். "கிடை போட்டீங்களா ஐயா?"

"போட்டேன். காஞ்சிக்கினே வந்துது. பசியில சாவுதேன்னுதான்..." என்று இழுத்தார்.

கலைப்பிரியா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு எரு ஆவாதுங்க. மண்ணு தேறிப்போச்சின்னா புல்லு வந்துடும். புல்லு நெழல்ல அது நிக்காது. யாருக்கும் ஆவாத மண்ணாப் பாத்துத்தான் அது பொழைக்குது."

"வேற எங்கனா இருக்குதா மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சி இல்லைங்க. போன தையில அந்த விதைய எடுத்துக்கினு போயிருந்தா தட்டுலயாவது இருந்திருக்கும்."

குத்திக்காட்டுகிற குரலில் அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் சவரிராயன் பிழைத்திருப்பார், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். போன தையில் அவளை வழிமறித்தது, பையைத் திறக்கச் சொன்னது, காகிதத்தை உதறிப் பார்த்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார், இப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை.

"இந்த நெலத்தத் திரும்பக் கெடுக்கறதுக்கு எதுனா வழி இருக்குதா?" என்று கேட்டார்.

"மேல் மண்ணச் சொரண்டி எடுத்துப் பாக்கலாம். ஆனா அதோட விதையும் போயிடலாம். எவ்ளோ ஆழத்துல இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

சித்திரையில் நிலம் காய்ந்ததும் சவரிராயன் மண்வெட்டியோடு இறங்கினார். கருப்பாக எரு ஏறியிருந்த மண்ணைச் செதுக்கி, அடியில் பழைய சவுடு தெரியும்வரை அள்ளினார். அவர் உடம்புக்கு அது ஆகாத வேலை. பிறகு ஒரு டிராக்டரைப் பிடித்து, அள்ளிய மண்ணை மல்லாட்டைக் கொல்லையில் கொட்டினார். எரு போட்டுச் சம்பாதித்த மண்ணை ஒருவன் வலிய வாரிப் போடுகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சீனுவாசன் வந்து மனம் வெந்துபோய்க் கேட்டார். "எங் கிடைய வாரிக் கொட்றீங்களே, எம் ஆட்டு மேல உங்களுக்கு இன்னா கோவம்?"

அதற்குள் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. பிரம்மதேசத்துச் சோழர் கோயில் கூப்பிடு தூரம். கண்டக்டருக்குச் சிலை கிடைத்திருக்கிறது, அந்தப் பூதக்கண்ணாடிப் பொண்ணு மதிப்புப் போட வருகிறவள், சிலையைத் தோண்டத்தான் செடி கிடி என்று கதை விடுகிறார் என்றார்கள். ஒருநாள் கிராம நிர்வாக அலுவலர் தலையாரியோடு வந்தார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

"இன்னா கண்டக்டரே, இன்னா எடுக்கறீங்க?"

"எருவ எடுக்கறேங்க."

"எருவ எல்லாரும் போடுவாங்க. நீங்க எடுக்கறீங்களா?"

"எடுத்தாத்தான் செடி வரும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இன்னா செடி?" என்றார் அலுவலர்.

"பூச்சி துன்ற செடிங்க."

"எங்க, காட்டுங்க."

காட்ட எதுவுமில்லை. வெட்டவெளியாகச் சவுடு கிடந்தது. அலுவலர் அவர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சவரிராயனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் சோறு தின்றார். நிஜத்தைச் சொல்லிவிட்டு அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது இத்தனை அவமானம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கலைப்பிரியாவுக்குப் போன் போட்டார்.

ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். போனில் இருந்த பழைய படங்களைக் காட்டினாள், நடந்ததைச் சொன்னாள். கிடை போட்டதைச் சொன்னாள், விதையைக் கொட்டச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம். இதெல்லாம் எடுத்துட்டா அந்தச் செடி வந்துடுமா?" என்றார்.

ஊரே அவள் வாயைப் பார்த்தது. வரும் என்று சொல்லிவிடு தாயே என்று சவரிராயன் மனசுக்குள் மன்றாடினார். ஒரு வார்த்தை, அவர் மானம் திரும்பிவிடும்.

கலைப்பிரியா சவுட்டு மண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "தெரியலைங்க சார்" என்றாள்.

கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான். அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டார். "பேஜாரு பண்ணாம உங்க நெலத்துக்குள்ளயே கொட்டிக்கோங்க. வெளிய ஒரு லோடு போச்சின்னா வண்டியப் புடிப்பேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். ஊரும் கலைந்தது.

"வரும்னு சொல்லியிருந்தா இன்னா மேடம் கொறஞ்சிப் போயிருக்கும்?" என்று கேட்டார் சவரிராயன்.

"தெரியாதத எப்பிடிங்க சொல்றது?"

டிக்கெட் எடுக்காதவர்கள் சவரிராயனிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். எடுத்தேன், தொலைத்தேன், பின்னால் வருகிறவர் எடுக்கிறார், பாஸ் இருக்கிறது. எல்லாமே அடித்துச் சொன்னவை. ஏமாற்ற வந்த ஒருவன்கூடத் தெரியவில்லை என்று சொன்னதில்லை. இந்தப் பெண் முதல்நாள் காலாவதியான கார்டை நீட்டியதிலிருந்து இன்றுவரை சொன்ன ஒவ்வொன்றையும் அவர் அந்த நிமிஷத்தில், ஒன்றுவிடாமல், நம்பினார். நம்பியதும் உடம்பே லேசானது. மிச்சமிருந்த எருமண்ணையும் அந்த வாரத்துக்குள் அள்ளி முடித்தார்.

மறுபடி மழை பெய்தது. மொட்டைக்காணி பழையபடி மொட்டையாக நின்றது. ஊர்க்காரர்கள் சிலையைப் பற்றிப் பேசி அலுத்துப்போனார்கள். மார்கழி பிறந்து பத்து நாள் போயிற்று. கிறிஸ்மஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து, காலை வெயிலில் சவரிராயன் மண்டியிட்டு முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டிருந்தார். பொத்தானில் கால்வாசிகூட இருக்காது, ஒரு சிவப்பு. சுற்றிலும் தேடினார், வேறு இல்லை. அமல்ராணியைக் கூட்டிவந்து காட்டினார். "இத்துனூண்டுக்கா இவ்ளோ பாடு?" என்று கேட்ட அமல்ராணியும் புடவையைச் செருகிக்கொண்டு குந்தி வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான் போனை எடுத்தார் சவரிராயன்.

"மேடம், ஒண்ணு வந்திருக்குதுங்க."

கலைப்பிரியாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "நல்லாப் பாத்தீங்களா ஐயா? சின்னதுல வேற நாத்துகூட செவப்பா இருக்கும். ஆசையில நமக்கே அப்பிடித் தெரியும்."

சவரிராயனுக்குக் கோபம் வரவில்லை. "எம் பேச்ச நம்பாதீங்க மேடம்" என்றார். "ஜல்தியா வந்து உங்க கண்ணால பாருங்க. அது வரைக்கும் ஆடு மிதிக்காம நான் இங்கியே நின்னுக்கினு இருக்கறேன்."